ஒலிக்கருவியும் உரைத்தெளிவும்

ஒரு கருவியின் மேன்மையை அதன் உறுப்புக்களை எண்ணி அறிதல் இயலாது. அஃது எப்பயன் கருதி ஆக்கப்பட்டதோ அப்பயனை எத்துணைச் செவ்விதின் நிறைவேற்றுகின்றது என்று நோக்கியே அறிதல் வேண்டும். ஏரின் சிறப்பு உழவிலும், எழுதுகோலின் சிறப்பு எழுத்திலும் விளங்குவதன்றி அவற்றின்மேல் இட்ட பூண்களில் விளங்குவதன்று. இஃது யாவரும் அறிந்த உண்மையே. ஆயினும், புதியதொரு யந்திரம் நீண்ட குணப்பட்டியலுடன் கடையில் வைக்கப்படுங்கால், கற்றோரும் இதனை மறந்து, பட்டியல் நீண்டதே பண்டம் சிறந்தது என்று எண்ணத் தலைப்படுகின்றனர். அத்தகைய யந்திரங்களுள் ஒன்று, இந்நாளில் இல்லங்கள் பலவற்றில் இடம்பெற்றுவரும் ‘ஹோம் தியேட்டர் ரிஸீவர்’ என்பது. அதன் குணங்களை ஒவ்வொன்றாய் எடுத்து நிறுத்துப் பார்த்து, எவை வேண்டற்பாலன, எவை வெற்று அணி என்று காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இக்கருவி யாது என்பதைச் சுருங்கக் கூறுவோம். தொலைக்காட்சிப் பெட்டி, ப்ளூ-ரே தட்டுக்களை ஓட்டும் பெட்டி, விளையாட்டுப் பெட்டி முதலியவற்றினின்று வரும் படத்தையும் ஒலியையும் ஒருங்கே ஏற்று, படத்தைத் திரைக்கு அனுப்பி, ஒலியைப் பகுத்துப் பெருக்கி, அறையைச் சுற்றிலும் வைக்கப்பெற்ற ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றிற்கும் அதனதன் பங்கை அளிப்பதே இதன் தொழில். எனவே ஒரே பெட்டியினுள் மூன்று கருவிகள் அடங்கியுள்ளன. இன்ன வழியே வருவதை ஏற்கலாம் என்று தெரிந்தெடுக்கும் வாயில் ஒன்று. எண்களாய் வரும் ஒலியை விரித்துக் கணக்கிடும் கணிப்பொறி ஒன்று. அவ்வொலிக்கு வலுவூட்டும் ஆம்ப்ளிபையர் ஒன்று. இம்மூன்றினையும் வேறு வேறாக மனத்திற் கொள்ளுதல் பின்னர் நாம் கூறப்போவதற்குத் துணைசெய்யும்.

பல ஸ்பீக்கர்களை அமைத்து ஒலியை இடமறிந்து கேட்பிக்கும் எண்ணம் புதியதன்று. ஆலன் ப்ளம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1931-ஆம் ஆண்டிலேயே இருவழி ஒலிக்கு உரிமைப் பத்திரம் வேண்டி விண்ணப்பித்தார். பேசும்படங்களில் நடிகர் திரையின் ஒருபுறம் நிற்க அவர் குரல் பிறிதோரிடத்தினின்று வரும் குறையைப் போக்குதல் அவர் கருதிய பயன்களுள் ஒன்று. 1940-ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னியின் ‘பான்டேஸியா’ என்னும் படம் ‘பான்டசவுண்ட்’ என்ற பல்வழி ஒலியமைப்புடன் காட்டப்பெற்றது. 1965-இல் ரே டால்பி லண்டன் மாநகரில் நிறுவிய ஆய்வுக்கூடத்தினர் இத்துறையில் பின்னர்ப் பெரும்பங்கு கொண்டனர். அவர்கள் வகுத்த ‘அட்மாஸ்’ என்னும் முறை 2012-ஆம் ஆண்டில் ‘பிரேவ்’ என்ற சித்திரப்படத்துடன் கொட்டகைகளில் தோன்றியது. அவ்வாண்டின் இறுதியிலேயே தமிழ்ப்படமாகிய ‘சிவாஜி த்ரீ-டி’யும் அம்முறையில் வெளிவந்தது. ஓர் ஒலியை இன்ன ஸ்பீக்கருக்கு உரியது என்று கட்டிவைக்காமல், வெளியில் இன்ன இடத்தில் எழவேண்டுவது என்று குறித்துவைத்தலே அம்முறையின் புதுமை. அக்குறிப்பைப் படித்து, உள்ள ஸ்பீக்கர்களைக்கொண்டு அவ்விடத்தில் அவ்வொலியை எழுப்புதல் யந்திரத்தின் கடமை. 2014-ஆம் ஆண்டில் இது வீட்டு ரிஸீவர்களுக்கும் வந்து சேர்ந்தது.

இவ்வரலாற்றின் தொடக்கத்தை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகின்றோம். ப்ளம்லைன் எண்ணியவற்றுள் மனிதன் பேசும் பேச்சும் ஒன்று. இடியும் மழையும் வெடியும் அதன் பின்னரே வந்தன. ஓர் ஒலிக்கருவியைச் சோதிக்கும் உரைகல்லாக நாம் கொள்வதும் அதுவே. இல்லத்தார் அனைவரும், அவர்களுள் மூத்தோரும், திரையில் பேசப்படும் சொல்லை அருகில் உள்ளாரிடம் “என்ன சொன்னான்?” என்று கேளாமல் அறிந்துகொள்ளுகின்றனரா? ஆம் எனில் கருவி நன்று. இல்லையெனில் அதன் விலை யாதாயினும் அது தன் கடமையில் தவறியதே.

இனி, உயர்ந்த விலையுள்ள கருவி ஒன்றையே எடுத்துக்கொண்டு ஆராய்வோம். டெனன் நிறுவனத்தார் 2023-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த ‘ஏ.வி.ஆர். – ஏ1எச்’ என்னும் ரிஸீவர் இவ்வினத்தின் சிகரங்களுள் ஒன்றாகக் கருதப்படுவது. ஜப்பான் நாட்டில் செய்யப்பெறுவது. அதன் எடை 32 கிலோ. அமெரிக்காவில் அது வெளிவந்தபோது குறிக்கப்பெற்ற விலை 6,499 டாலர். பதினைந்து ஆம்ப்ளிபையர்கள் அதனுள் உள்ளன. செவிமட்டத்தில் ஒன்பது, கூரையில் ஆறு ஆகப் பதினைந்து ஸ்பீக்கர்களையும், மந்த ஒலிக்கென்றே அமைந்த ‘சப்-வூபர்’ நான்கினையும் அஃது இயக்கவல்லது. படமும் ஒலியும் உள்ளே வர ஏழு எச்.டி.எம்.ஐ. வாயில்களும், வெளியே செல்ல மூன்றும் உள்ளன. அட்மாஸ், டி.டி.எஸ். எக்ஸ், ஆரோ-3டி முதலிய முறைகள் பலவற்றையும் அது படித்தறியும். இப்பட்டியலைக் கண்டு வியவாதார் இலர். நாமும் வியக்கின்றோம். ஆயினும் வியப்பு வேறு, மதிப்பு வேறு.

பட்டியலின் முதலிடத்தில் எப்பொழுதும் நிற்பது ‘வாட்’ என்னும் வலுக்கணக்கு. மேற்கூறிய கருவிக்கு வழி ஒன்றிற்கு 150 வாட் என்று குறிக்கப்பட்டுள்ளது. இதனைப் படிப்போன் பதினைந்தினை நூற்றைம்பதாற் பெருக்கி 2,250 வாட் என்று கணக்கிட்டு மகிழ்வான். ஆனால் அவ்வெண்ணின் அருகே சிறிய எழுத்தில் ‘இரண்டு வழிகள் இயங்குங்கால்’ என்ற நிபந்தனை உள்ளது. எல்லா வழிகளும் ஒருங்கே முழுவலுவை வேண்டுமாயின், ஒரே மின்வழங்கியினின்று அனைத்திற்கும் பங்கிட வேண்டியிருத்தலின் ஒவ்வொன்றிற்கும் கிடைப்பது குறையும். இங்ஙனம் நிபந்தனையை வெளிப்படக் கூறும் நிறுவனத்தாரைக் குறைகூறோம். நிபந்தனை ஏதும் கூறாது எண்ணை மட்டும் பெரிதாக அச்சிடுவோரே குறைகூறத்தக்கார். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1974-ஆம் ஆண்டிலேயே ஆம்ப்ளிபையரின் வலுவை எங்ஙனம் அளந்து கூறவேண்டும் என்று விதி வகுத்ததும், 2024-இல் அவ்விதியைத் திருத்தி இறுக்கியதும் இவ்வெண்களில் மயக்கம் எளிதிற் புகும் என்பதற்குச் சான்றாகும்.

அன்றியும், வாட் இருமடங்காயின் ஒலி இருமடங்காகும் என்று எண்ணுதல் தவறு. வலு இருமடங்காகுங்கால் ஒலியின் அளவு 3 டெஸிபெல் மட்டுமே ஏறும். அதனைச் செவி சிறியதோர் ஏற்றமாகவே உணரும். ஒலி இருமடங்கு உரத்ததாகத் தோன்றவேண்டின் ஏறக்குறைய 10 டெஸிபெல் ஏறவேண்டும். அதற்குப் பத்து மடங்கு வலு வேண்டும். ஒரு வாட் அளித்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெஸிபெல் ஒலி தரும் நடுத்தரமான ஸ்பீக்கர் ஒன்றைக் கொள்வோம். மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பானுக்கு, அறையின் சுவர்கள் திருப்பியனுப்பும் ஒலியைக் கணக்கிற் சேர்க்காவிடினும், அந்த ஒரு வாட்டினாலேயே 78 டெஸிபெல்லுக்குச் சிறிது மேற்பட்ட ஒலி கிட்டும். இல்லத்தில் அமைதியாகப் படம் பார்ப்போர் பலர் அதனினும் குறைந்த அளவிலேயே கேட்கின்றனர். எனவே மாலைப்பொழுதின் பெரும்பகுதியில் அப்பெருங்கருவி ஒரு வாட்டுக்கும் குறைந்த வலுவிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். எஞ்சிய வலு வீணோ எனில், அன்று. திடீரென எழும் பேரொலி சிதையாமல் வெளிவர அச்சேமிப்பு உதவுகின்றது. ஆயினும் 100 வாட்டுக்கும் 150 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 2 டெஸிபெல்லினும் குறைவு. அதற்காக ஒருவன் தன் மாத ஊதியத்தைக் கொடுத்தல் தகுமோ என்பதை அவனே எண்ணிக்கொள்க.

இரண்டாவது, வழிகளின் எண்ணிக்கை. பதினைந்து ஸ்பீக்கர்களுக்கு உரிய இடம் எத்தனை வீடுகளில் உள்ளது? அட்மாஸ் முறைக்கு ஸ்பீக்கர்கள் குறித்த கோணங்களில் நிற்றல் வேண்டும். கேட்போனுக்குப் பின்னே இடம் விடாது சுவரோடு சேர்த்துப் பலகை இருக்கையை இட்டிருக்கும் அறையில் பின்புற ஸ்பீக்கர்களை வைத்தல் எங்ஙனம்? பன்னிரண்டடி அகலமுள்ள அறையில் செவிமட்டத்திலேயே ஒன்பது ஸ்பீக்கர்களை நெருக்கி வைப்பின், அவை ஒன்றையொன்று மறைத்து, எவ்வொலி எங்கிருந்து வருகின்றது என்ற தெளிவே கெடும். நல்ல ஸ்பீக்கர்கள் ஐந்தினை உரிய இடத்தில் வைத்தவன், எளிய ஸ்பீக்கர்கள் பதினைந்தினைக் கிடைத்த இடத்தில் மாட்டியவனைக் காட்டிலும் நன்கு கேட்பான் என்பது நம் துணிபு.

அவ்வைந்தனுள் தலையாயது திரையின் நடுவே, அதன் கீழோ மேலோ வைக்கப்பெறும் ‘சென்டர் ஸ்பீக்கர்’. திரைப்படங்களில் உரையாடலின் பெரும்பகுதி அதன் வழியே வருமாறு அமைக்கப்படுகின்றது. அதனால் ஓரத்தில் அமர்ந்திருப்பானுக்கும் பேச்சு திரையினின்றே எழுவதாகத் தோன்றும். ஆனால் வாங்குவோர் பலர் இரு பக்கமும் நிற்கும் உயர்ந்த ஸ்பீக்கர்களுக்குப் பொருளை வாரி இறைத்துவிட்டு, நடுவில் உள்ளதற்கு எஞ்சியதைக் கொடுத்து, அதனையும் பேழையின் உள்ளே தள்ளி வைத்துவிடுகின்றனர். குரல் குகையினின்று வருவதுபோல் ஒலித்தால் பழி ரிஸீவரின்மேல் விழுகின்றது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பர். அளக்குங்கால் நடுவில் உள்ளதற்கே முதற்பங்கு அளித்தல் முறை.

நிற்க. இதுகாறும் நாம் குறைத்தே கூறிவந்தோம். இனி மெய்யாகவே மேலான குணம் ஒன்றைக் கூறுவோம். அஃது அறையை அளந்து அதற்கேற்ப ஒலியைத் திருத்தும் ஆற்றல். ஒலிக்கருவிகளுள் மிகப் பெரியதும், எவரும் விலைகொடுத்து மாற்றாததும் யாதெனில் அறையே. சாதாரண வெப்பநிலையில் ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 343 மீட்டர் செல்லும். 34 ஹெர்ட்ஸ் அளவுள்ள மந்த ஒலியின் அலை ஏறக்குறைய 10 மீட்டர் நீளமுடையது. ஐந்து மீட்டர் நீளமுள்ள அறையில் அதன் பாதி சரியாகப் பொருந்துதலின், அவ்வொலி சுவர்களுக்கிடையே முன்னும் பின்னுமாய் மோதிச் சுவரருகே பெருகும். அறையின் நடுவே தேயும். அதனால் ஓரிருக்கையில் இருப்பான் முழக்கம் மிகுதி என்பான். அடுத்த இருக்கையில் இருப்பான் முழக்கமே இல்லை என்பான். இருவர் கூறுவதும் மெய்யே.

இதற்கு மருந்தாக, ரிஸீவருடன் சிறிய ஒலிவாங்கி ஒன்று தரப்படுகின்றது. அதனை அமருமிடத்திலும் அதன் அருகே பல இடங்களிலும் மாறி மாறி வைத்து, ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் எழுப்பும் சோதனை ஒலியை யந்திரம் கேட்டுக்கொள்ளும். நாம் எடுத்துக்கொண்ட கருவியில் உள்ள ‘ஆடிஸி’ என்னும் முறை எட்டு இடங்கள் வரை அளக்கவல்லது. ‘டிராக்’ என்னும் சுவீடன் நாட்டு முறையையும் தனி விலை கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அளந்தபின், அருகிலுள்ள ஸ்பீக்கரின் ஒலியைச் சிறிது தாமதிப்பித்து, தொலைவில் உள்ளதன் ஒலியுடன் ஒருங்கே செவியை அடையச் செய்யும். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நொடியின் ஆயிரத்தில் மூன்று கூறு தாமதம் என்பது கணக்கு. மிக்கதைக் குறைக்கும், குறைந்ததை ஓரளவு கூட்டும், ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியைச் சிறிய ஸ்பீக்கர்களினின்று விலக்கிச் சப்-வூபருக்கு அனுப்பும். நான்கு சப்-வூபர்களைத் தனித்தனியே அளந்து இயக்கும் வசதியும் இங்கே தன் பயனைக் காட்டுகின்றது. பேரோசைக்கென அன்று, ஓரிருக்கைக்கும் மற்றோர் இருக்கைக்கும் உள்ள வேறுபாட்டைச் சமப்படுத்துதற்கென்க. முழக்கம் அடங்கியவிடத்துப் பேச்சு தானே தெளியும். ஆதலின் இத்திருத்தமே இக்கருவியின் உயிர் என்போம்.

ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. ஓடு பாவிய தரையும், பூச்சிட்ட சுவரும், கண்ணாடிச் சாளரமும் உள்ள வெற்றறையில் கைதட்டிப் பார்ப்பின், ஒலி உடனே ஓயாமல் சிறிதுநேரம் தொடர்ந்து நிற்கும். முன்சொல்லின் எச்சம் பின்சொல்லின்மேல் விழுந்து அதனை மறைக்கும். பேச்சினுக்கு நேரும் இக்கேட்டை எந்தக் கணக்கும் முற்றும் நீக்காது. தரையில் கனத்த விரிப்பு ஒன்று, சாளரத்தில் மடிப்புள்ள திரைச்சீலை ஒன்று, பக்கச் சுவரில் புத்தகங்கள் நிறைந்த அலமாரி ஒன்று, இவை நீக்கும். இம்மூன்றின் விலையையும் கூட்டினாலும் உயர்ந்த ரிஸீவரின் விலையில் சிறு பகுதியும் ஆகாது. கடைக்காரர் இதனைக் கூறார். அதனாலேயே நாம் கூறுகின்றோம்.

அடுத்து, பலரும் ஏறிட்டும் பாராத குணம் ஒன்று உண்டு. திரைப்பட ஒலி கொட்டகையின் அளவுக்கு அமைக்கப்படுவது. அவ்வளவின்படி ஒவ்வொரு முதன்மை வழியிலும் உச்ச ஒலி 105 டெஸிபெல் வரை எழலாம். அப்படத்தை இல்லத்தில் தாழ்ந்த ஒலியில் கேட்குங்கால், மெல்லிய பேச்சு செவிக்கு எட்டாது போகின்றது. அதனைக் கேட்க ஒலியைக் கூட்டின், அடுத்த நொடியில் வெடிமுழக்கம் தொட்டிலிற் கிடக்கும் குழந்தையை எழுப்பிவிடுகின்றது. இதனை நீக்கவே மெல்லொலியை உயர்த்தி வல்லொலியைத் தாழ்த்தும் இராக்கால அமைப்பும், சென்டர் ஸ்பீக்கரை மட்டும் சில டெஸிபெல் உயர்த்தும் வசதியும் தரப்பட்டுள்ளன. இவற்றைப் பயன்படுத்துதல் கலைஞன் அமைத்ததைக் கெடுப்பதாகும் என்று இகழும் ரசிகர் சிலர் உளர். அவர்களை ஒன்று வினவுகின்றோம். முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த சுரங்களையே. ஒரு சொல்லை மற்றொரு சொல்லினின்று பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பலவும் அவ்வுயர்ந்த பகுதியிலேயே உள்ளன. பாட்டனாரோ பாட்டியாரோ கதையைத் தொடரமாட்டாது எழுந்து தம் அறைக்குச் சென்றபின், கலைஞன் அமைத்த ஒலி கெடாமல் நின்று யாருக்குப் பயன்? ஒரு குடும்பம் கூடியிருந்து கேட்டற்கென வாங்கிய கருவி அதனைக் கலைத்துவிடுமாயின், அது செய்த நன்மை யாது? நான்கு டெஸிபெல் உயர்த்துதலால் கலை மடிந்துவிடாது.

இறுதியாக, கருவியின் ஆயுளைப் பற்றி ஒரு சொல். முற்கூறிய மூன்று பகுதிகளுள் ஆம்ப்ளிபையர் நெடுங்காலம் உழைப்பது. பல ஆண்டுகளுக்குமுன் செய்யப்பெற்றவை இன்றும் நன்கு பாடுகின்றன. வாயிலும் கணிப்பொறியுமோ விரைந்து மூப்பெய்துகின்றன. எச்.டி.எம்.ஐ. என்னும் இணைப்பின் முதல் விதிமுறை 2002-இல் வெளிவந்தது. தொலைக்காட்சியின் ஒலியை அதே வடத்தின்வழித் திருப்பியனுப்பும் வசதி 2009-இலும், அதனினும் விரிந்த 2.1 என்னும் பதிப்பு 2017-இலும் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய பெட்டிகள் பல பின்தங்கின. 2020-ஆம் ஆண்டின் இறுதியில், புதிய பதிப்புக்கு ஏற்றவை என்று விற்கப்பட்ட ரிஸீவர்கள் சிலவே, அவற்றினுள் அமைந்த சில்லு ஒன்றின் பிழையால், விளையாட்டுப் பெட்டியின் மிகவிரைவான படத்தை ஏற்கமாட்டாது நின்றன. செய்தோர் பின்னர்ப் புறத்தே இணைக்கும் சிறு பெட்டி கொடுத்தும், உட்பலகையை மாற்றியும் ஈடுசெய்ய நேர்ந்தது. ஆகவே, 32 கிலோ எடையுள்ள பொருளில் நெடுநாள் நிற்கும் இரும்பும் செம்பும், சின்னாளில் மூக்கும் சில்லுடன் பிரிக்கவொண்ணாதபடி பிணைக்கப்பட்டுள்ளன. வாயிற் பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளுமாறு செய்தல் உற்பத்தி செய்வோரின் கடமை என்று நாம் வற்புறுத்துகின்றோம். அங்ஙனம் செய்யப்பெறுங்காறும், வாங்குவோர் ஒலியைப் புறத்தேயுள்ள ஆம்ப்ளிபையருக்கு அனுப்பும் ‘ப்ரீ-அவுட்’ துளைகள் உள்ளனவா என்று நோக்குதல் நன்று. அவை உள்ளவிடத்து, மூளை முதிர்ந்தபின்னும் உடலையேனும் காத்துக்கொள்ளலாம்.

“பொருளுடையான் பதினைந்து வழி வேண்டுமென்றால் உங்களுக்கு என்ன?” என்று சிலர் வினவக்கூடும். பெரிய அறையும், அமைக்க வல்லோரும், செலவிடப் பொருளும் உடையானுக்கு அத்தகைய கருவி அரியதோர் இன்பத்தை அளிக்கும் என்பதில் ஐயமில்லை. அதனை நாம் தடுக்கவில்லை. பட்டியலின் நீளத்தைக் கண்டு மயங்கி, கடன்பட்டேனும் அதனை அடையத் துடிக்கும் இளைஞர்களை நோக்கியே இவ்வளவும் கூறினோம். அவர்கள் கடைக்குச் செல்லுங்கால், எத்தனை வழி, எத்தனை வாட் என்பவற்றை முதலில் வினவாமல், சிலவற்றைத் தாமே சோதித்தறிவாராக. பலர் பேசும் காட்சி ஒன்றைத் தாழ்ந்த ஒலியில் ஓட்டச் செய்து, ஒவ்வொரு சொல்லும் விளங்குகின்றதா என்று கேட்க. ஒலிவாங்கியால் அளந்து திருத்துமுன்னும் பின்னும் உள்ள வேறுபாட்டைக் கேட்க. தம் அறையின் நீள அகலங்களை எழுதிக்கொண்டு செல்க. தம் கையிலுள்ள பொருளைப் பங்கிடுங்கால், ஸ்பீக்கர்களுக்குப் பெரும்பகுதியும், அறைக்குச் சிறுபகுதியும் ஒதுக்கி, எஞ்சியதற்குள் ரிஸீவரைத் தேடுக.

பறவை தலைமேற் பறப்பதும், மழை கூரைமேல் வீழ்வதும் நம் இல்லத்தில் கேட்கப்பெறுதல் விஞ்ஞானம் அளித்த விந்தையே. ஆயினும் மழையின் நடுவே தாய் தன் மகனைத் தாழ்ந்த குரலில் அழைக்கும் சொல் கேளாதாயின், அம்மழையால் ஆவதென்? சொல்லைத் தெளிவாய்க் கொணர்ந்து, எல்லார் செவியிலும் ஒப்பச் சேர்ப்பதே ஒலிக்கருவிக்கு அழகு. பிறவெல்லாம் அதற்கு அணியாய் அமைவனவே.